மேகமூட்டத்துக்கு எடிட்டிங் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறும்படம் எடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுள்ளென்ற வெயிலில் எடுத்த காட்சியை மப்பும் மந்தாரமுமாகக் காட்ட, எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் வெளிச்சத்தை) இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காகக் குறைத்து, எடிட்டிங்கில் கொஞ்சம் நீலம் ஏற்றினால் போதும் என்று அதில் இருந்தது. வார நாளெல்லாம் கணக்கு எழுதுகிற வேலை, விடுமுறை வந்தால் கேமரா என்று இருப்பவன் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

அந்த முறையில் கிடைப்பது மேகமூட்டம் அல்ல, நிலா வெளிச்சம். பகலிலேயே இரவுக் காட்சி எடுப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். சிக்கல் நிழலில் இருக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரிதான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வெளிச்சம் வருவதால் மூக்கின் நிழல் கன்னத்தில் வெட்டினாற்போல் விழுகிறது. மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதுமே விளக்கு, நிழல் கரைந்துவிடும். எடிட்டிங்கில் கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை) குறைத்தால் நிழல் வெளிறுமே தவிர, அதன் விளிம்பு போகாது.

வானத்தைக் கருக்கிவிடுவது இன்னொரு பழக்கம். மழைக்கு முந்தைய கருமேகம் வேறு. சாதாரண மேகமூட்டத்தில் வானம் வெளிறிய வெள்ளை, ஃபிரேமில் பெரும்பாலும் ஆளின் முகத்தைவிட அதுதான் பளிச்சென்று இருக்கும். போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் ஒரு ஃபில்டர்) போட்டால் வானத்தின் நீலம் இன்னும் அடர்த்தியாகி, காரியம் கெட்டுவிடும்.

அதனால் முதலில் வானத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுங்கள். உயரமான கட்டடத்தின் நிழலில் ஆளை நிறுத்தலாம். ஆனால் பின்னணியும் நிழலில் இருக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். நிழலே இல்லையா? சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டித் தலைக்கு மேல் பிடிக்கலாம். துணி எவ்வளவு பெரிதோ, ஆளுக்கு எவ்வளவு கிட்டவோ, அவ்வளவு மென்மை. காற்றடித்தால் முகத்தில் வெளிச்சம் ஆடும், துணி படபடக்கும் சத்தம் மைக்கில் ஏறும். மூலைக்கு ஒரு கயிறு கட்டாமல் இறங்காதீர்கள். இதெல்லாம் குளோசப்புக்கு.

வைட் ஷாட்டுக்குத் துணி உதவாது. அதைச் சூரியன் எழுவதற்கு முன்போ, மறைந்த பிறகோ எடுக்க வேண்டும். கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான், ஒத்திகையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

ஒயிட் பேலன்ஸை (நிறத்தின் சூட்டையும் குளிர்ச்சியையும் சரிசெய்யும் கேமரா அமைப்பை) ஆட்டோவில் விடாமல் 5,600 கெல்வினிலிருந்து 5,000 பக்கம் இறக்கினால், மேகமூட்டத்தின் லேசான குளிர்ச்சி கேமராவிலேயே வந்துவிடும். அப்புறம் எடிட்டிங். கான்ட்ராஸ்டையும் நிறத்தின் அழுத்தத்தையும் சற்றே தணித்தால் போதும். இலையின் மினுமினுப்பையும் வண்டிக் கண்ணாடியில் அடிக்கும் ஒளியையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். வெயிலைக் காட்டிக்கொடுப்பவை அவைதான்.

துணிச் சட்டம் கட்டும் விதத்தை அடுத்த இதழில் படத்தோடு வெளியிட்டால், கையில் காசில்லாமல் படம் எடுக்க வருகிற பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
விடுமுறை நாள் ஒளிப்பதிவாளர் ஒருவர்