செயலாளரின் ஆண்டறிக்கை: புனித வீரரின் சத்தியம் பற்றி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகசபையினரே, அங்கத்தவர்களே,

கிளிநொச்சியில் இயங்கும் எமது பாத்திரமேற்று விளையாட்டுக் கழகம் இவ்வாண்டும் சனசமூக நிலைய வாசிகசாலையிலேயே ஒன்றுகூடியது. மாரி மழையால் சில சந்திப்புகள் தடைப்பட்டன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார் என்பதால், ஆண்டு முழுவதும் எம்மை அலைக்கழித்த ஒரு விடயத்துக்கே நேராக வருகிறேன்.

ஆட்டக்காரர்கள் கதாபாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஆட்டமொன்றில், பொய்யுரைப்பதில்லை என்றும் அடைக்கலம் புகுந்தோரைக் கைவிடுவதில்லை என்றும் சத்தியம் செய்த பலடின் (தெய்வ வல்லமை பெற்ற புனித வீரர்) ஒருவர், ஊர்மக்கள் ஒளிந்திருந்த ஆலையின் வாசலில் நின்றார். கொள்ளையர் வந்து, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டனர். பொய் சொன்னாலும் காட்டிக்கொடுத்தாலும் தெய்வ வல்லமை பறிபோகும் என்று கதையை நடத்தி விதிகளைத் தீர்க்கும் நடத்துநர் அறிவித்ததும், பலடினாக ஆடிய அங்கத்தவர் தமது பகடைகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். ஆட்டம் அத்துடன் நின்றது.

இது சரியா என்ற விவாதத்தில் நடத்துநரின் பக்கம் நின்றோர் பழைய விதிகளைக் காட்டினர். 1975இல் இவ்விளையாட்டுக்குள் வந்த பலடின், 1978ஆம் ஆண்டு விதிநூலின்படி, தெரிந்தும் விரும்பியும் ஒரு தீச்செயல் புரிந்தால் அந்நிலையை மீளாதவாறு இழப்பார். ஒழுங்கை மீறிய செயலுக்கு மாத்திரம் மதகுரு ஒருவரிடம் அறிக்கையிட்டுப் பிராயச்சித்தம் செய்யலாம். மறுபக்கத்தார் 2014ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொண்டனர். அதில் ஆட்ட அனுபவத்தால் உயர்ந்து மூன்றாம் நிலையை எட்டும் பலடின் தமக்குரிய சத்தியத்தைத் தாமே தெரிவுசெய்கிறார். பக்திச் சத்தியம் வாய்மையையும் எளியோரைக் காப்பதையும் ஒருங்கே கேட்கிறது; பழிவாங்கும் சத்தியமோ பெருந்தீமையை ஒழிக்க எவ்வழியையும் அனுமதிக்கிறது. (தொலைந்த பகடைக்காகக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யுமாறு கேட்கும் எமது அங்கத்தவர்கள் சிலர், இவ்விவாதத்தில் மட்டும் மிகவும் தாராள மனத்தினராய் இருந்தமை குறிப்பிடத்தக்கது.)

நிருவாகசபையின் கருத்து இதுவே: எல்லா வழியும் ஒரே தண்டனைக்கே போகுமாயின், ஆட்டக்காரர் தெரிவுசெய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்த சந்திப்பில் அதே காட்சியை மீண்டும் ஆடியபோது அந்த வீரர், "இருக்கிறார்கள், ஆனால் இந்த வாசலை நான் விடப்போவதில்லை" என்றார். சண்டையில் அவர் வீழ்ந்தார், சத்தியம் நிலைத்தது. இந்த மூன்றாம் வழியை நடத்துநர் முன்னரே திறந்து வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, சத்தியத்தின் வாசகங்களை ஆட்டத்துக்கு முன்னரே ஆட்டக்காரரும் நடத்துநரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும் எனவும், மீறல் நேரும் முன் நடத்துநர் ஒரு தடவையாவது எச்சரிக்க வேண்டும் எனவும், வல்லமையை இழந்தவர் மீளும் வழியை அவரிடமே கேட்டு அமைக்க வேண்டும் எனவும் தீர்மான வரைவொன்றைச் சமர்ப்பிக்கிறேன். சரணடைந்தோரை என்ன செய்வது என்ற காட்சியை, மேசையில் உள்ள அனைவரதும் சம்மதமின்றி நடத்தலாகாது எனவும் அதில் சேர்த்துள்ளோம். வன்னியில் அதற்கான காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பழிவாங்கும் சத்தியத்தைப் புதிய அங்கத்தவர்களுக்கு அனுமதிப்பதா என்பதில் நிருவாகசபை இருகூறாகப் பிரிந்திருப்பதால், அதனை இப்பொதுக்கூட்டமே வாக்கெடுப்பின் மூலம் முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்