கேள்வி கேட்ட மாணவிக்கு 1 மதிப்பெண்: புவியியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பெரியோருக்கும்,

வணக்கம்.

உலக வேளாண்மை வகைகள் பற்றிய பாடம் குறித்து எழுதுகிறேன். பழமையில் தொடங்கி நவீனத்தில் முடியும் ஏணியாக அது அடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அடுக்கியவர்கள் நீங்கள்தான். இதே பாடத்தைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. என் கடிதங்கள் பொதுப்படையாக இருந்ததால்கூட அப்படி ஆகியிருக்கலாம். அதனால் இந்த முறை ஒரே ஒரு விடைத்தாளில் இருந்து தொடங்குகிறேன்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு 5 மதிப்பெண் வினா. இடப்பெயர்வு வேளாண்மை ஏன் கைவிடப்பட வேண்டும்? விடைக்குறிப்பில் ஐந்து குறிப்புகள்: காடு அழிகிறது, மண் அரிக்கப்படுகிறது, விளைச்சல் குறைவு, நிலம் வீணாகிறது, இது பழமையான முறை. குறிப்புக்கு ஒரு மதிப்பெண்.

என் மாணவி ஒருத்தி அந்த ஐந்தையும் எழுதவில்லை. காட்டில் ஒரு துண்டைத் திருத்தி எரித்தால் சாம்பல் மண்ணுக்கு உரமாகிறது, இரண்டு மூன்று வருடம் பயிர் செய்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போகிறார்கள், விட்டுவந்த இடத்தில் மறுபடி காடு வளர்கிறது என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, 1 முதல் 15 வரை எண் போட்டு, சுற்றி வரும் அம்புக்குறியும் வரைந்திருந்தாள். அதற்குக் கீழே, இந்தச் சுற்று முடிய 15, 20 வருடம் ஆனால் மண் தேறிவிடும், 4 வருடத்தில் திரும்பி வர நேர்ந்தால் மண் அரிக்கும் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: சுற்றைக் குறைத்தது அந்த விவசாயிகள் இல்லை, அவர்களுடைய நிலம் குறைந்துவிட்டது.

விடைக்குறிப்போடு ஒத்துப்போனது மண் அரிப்பு மட்டும். 1 மதிப்பெண் போட்டேன். என் கையால், சிவப்பு மையால்.

தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுல எது தப்பு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தப்பு எதுவும் இல்லை என்றால் மதிப்பெண் ஏன் இல்லை என்பாள். தப்பு என்றால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்த திருப்புதல் தேர்விலும் அதே வினா. ஐந்து குறிப்புகளையும் மனப்பாடம் செய்து எழுதி 5 வாங்கினாள். வட்டம் இல்லை, அம்புக்குறி இல்லை. அவள் வாங்கிய அந்த 1 என்னை உறுத்தியதைவிட இந்த 5 அதிகம் உறுத்தியது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வேளாண்மை வகைகளைப் பழமையில் இருந்து நவீனத்துக்கு ஏறும் ஏணியாகக் காட்டுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையையும், அது பிறந்த மண்ணோடும் மழையோடும் சேர்த்து எழுதுங்கள். நவீனமயம் அதற்குக் கொடுத்ததையும் அதனிடமிருந்து எடுத்ததையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

அந்தப் பெண் எழுதியது கற்பனை இல்லை. 1950களில் ஹரோல்டு காங்கிளின் என்ற மானுடவியலாளர் பிலிப்பைன்ஸின் மின்டோரோ தீவில் ஹனுனோவோ மக்களோடு தங்கி, அவர்கள் காட்டைத் திருத்திப் பயிர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1,600க்கும் மேற்பட்ட தாவர வகைகளை அந்த மக்கள் பெயர் சொல்லிப் பிரித்தறிந்தார்கள். பயிர் செய்தவை மட்டும் 400க்கு மேல். போதுமான காலம் விட்டுவிட்டால் காடு திரும்பி வருகிறது என்று அவர் பதிவு செய்தார். அந்த ஆய்வை 1957இல் வெளியிட்டது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு. அதே 1957இல், அதே அமைப்பின் காட்டியல் இதழ் இடப்பெயர்வு வேளாண்மையை வெப்பமண்டல நாடுகளின் வேளாண் உற்பத்திக்குப் பெரும் தடையாகச் சித்தரித்து அரசுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. ஒரே கூரையின் கீழ் இருந்த இந்த இரண்டில் நம் பாடநூலுக்குள் வந்து சேர்ந்தது இரண்டாவது மட்டும்தான். முதலாவதை ஒரு தேர்வறையில் ஒரு சிறுமி தானாக யோசித்து எழுதினாள், அதற்கு நாம் 4 மதிப்பெண் குறைத்தோம்.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மில்பா என்ற முறை உண்டு. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் ஒரே நிலத்தில் வளரும். சோளத்தட்டையைப் பற்றிக்கொண்டு பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸின் வேர்முடிச்சுகள் காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி, ஈரம் காயாமலும் களை முளைக்காமலும் பார்த்துக்கொள்ளும். நம் பாடநூலில் மில்பாவுக்குக் கிடைத்திருப்பது 'இடப்பெயர்வு வேளாண்மையின் வட்டாரப் பெயர்கள்' அட்டவணையில் ஒரு கட்டம். ஒரு மதிப்பெண் வினாவாகப் 'பொருத்துக' பகுதியில் வரும். பிள்ளைகள் பெயரைப் பொருத்துவார்கள். அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்த வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். டெர்வெண்ட் விட்டில்சி என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1936இல் உலகை 13 வேளாண் பிரதேசங்களாகப் பிரித்து ஒரு படம் வரைந்தார். பயிர்களும் கால்நடைகளும் சேர்ந்திருக்கும் விதம், பயிரிடும் முறை, உழைப்பும் முதலும் எவ்வளவு செலவாகின்றன, விளைந்தது வீட்டுக்கா சந்தைக்கா, நிலத்தில் இருக்கும் கட்டடங்கள் என ஐந்து அளவுகோல்கள் வைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை, எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் படம் வரைந்து 30 ஆண்டுகள் கழித்துத்தான் ஐ.ஆர். 8 என்ற பசுமைப் புரட்சி நெல் ரகம் வந்தது. நாம் அந்தப் பழைய படத்தையே வைத்துக்கொண்டு, பாடத்தின் கடைசியில் 'நவீனமயமாதலின் நன்மைகள்' என்று ஒரு பத்தியை ஒட்டியிருக்கிறோம். முன்னால் வந்த 13 வகைகளையும் அந்த நவீனமயம் என்ன செய்தது என்ற கேள்விக்குப் பாடத்தில் எங்கும் இடமில்லை.

இந்தோனேசியாவின் பாலித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நெல் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது சுபக் என்ற விவசாயிகள் அமைப்பு. நீர்க்கோயில்கள் வழியாக, யார் எப்போது நடவு செய்வது, யார் எப்போது நிலத்தைச் சும்மா விடுவது என்று பக்கத்துப் பக்கத்து சுபக்குகள் பேசி முடிவெடுக்கும். ஒரு பெரிய பரப்பு முழுதும் ஒரே சமயத்தில் அறுவடையாகி வெறும் நிலமாகக் கிடந்தால் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. 1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் வந்தது. புது ரகத்தை இடைவெளி விடாமல் நடுங்கள், கோயில் முறைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். வருடம் முழுக்க எங்காவது ஒரு வயல் பச்சையாக இருந்தது. தண்ணீருக்குச் சண்டை, வயலெங்கும் புகையான் என்ற நெற்பூச்சி. மருந்து அடித்தார்கள். புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து செத்தன. கடைசியில் 1986இல் இந்தோனேசிய அரசே நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீபன் லேன்சிங் என்ற ஆய்வாளர் இந்த நீர்ப்பங்கீட்டைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தார். விளைச்சலுக்கும் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கும் கோயில்களின் பழைய ஏற்பாடே ஏறக்குறைய சிறந்ததாக வந்தது. 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. நம் பாடத்தில் இதே வயல்கள் 'தன்னிறைவுத் தீவிர வேளாண்மை: மனித உழைப்பு அதிகம், இயந்திரப் பயன்பாடு குறைவு' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன.

நாடோடி மேய்ச்சலும் அப்படித்தான். மழை எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாத நிலத்தில், புல் முளைத்த இடத்துக்கு மந்தையை ஓட்டிப் போவதுதான் புத்திசாலித்தனம். பாடநூல் அவர்களை 'நிலையாக வாழத் தெரியாதவர்கள்' போல எழுதுகிறது. கட்டாயப்படுத்தி நிலையாகக் குடியமர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் கசகஸ்தானில் சோவியத் அரசு மேய்ப்பர்களின் மந்தைகளைப் பிடுங்கி அவர்களைக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்தது. மந்தைகள் அழிந்தன. பஞ்சத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைப் பாடத்தில் வைக்க மனம் வராவிட்டால், குறைந்தது 'குடியமர்த்துதல் முன்னேற்றத்தின் அடையாளம்' என்ற வாக்கியத்தையாவது எடுத்துவிடுங்கள்.

ஏணியின் உச்சியில் நீங்கள் வைத்திருக்கும் வணிகத் தானிய வேளாண்மைக்கு அழகான வண்ணப்படம் போட்டிருக்கிறீர்கள், வரிசையாக அறுவடை இயந்திரங்கள். அதே வட அமெரிக்கப் புல்வெளியில்தான் டிராக்டரால் புல்லைப் புரட்டிப் போட்டுக் கோதுமை விதைத்தார்கள். 1930களில் மழை பொய்த்தபோது, பிடித்து வைக்க வேர் இல்லாத மேல்மண் காற்றோடு எழுந்து போனது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருண்டுபோனது, அந்த நாளுக்குக் கறுப்பு ஞாயிறு என்றே பெயர். மண் வீணாவது பற்றிய கேள்வியை இடப்பெயர்வு விவசாயியிடம் மட்டும் கேட்கிறோம்.

சரி, நான் நவீனத்துக்கு எதிரி இல்லை. காற்றில் இருந்து நைட்ரஜன் உரம் செய்யும் ஹேபர்-போஷ் முறை இல்லையென்றால் இன்றைய உலகில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாப்பாடு இல்லை. 1960இல் சுமார் 300 கோடியாக இருந்த மக்கள்தொகை 2022இல் 800 கோடி ஆனது. குட்டை ரகக் கோதுமையும் நெல்லும் பசியை விரட்டின, அந்தக் கோதுமையை உருவாக்கிய நார்மன் போர்லாக்குக்கு 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது நியாயமே. இதையெல்லாம் வகுப்பில் சந்தோஷமாகத்தான் நடத்துகிறேன். இதோடு மற்றதையும் நடத்த விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நூல் என் பணிக்காலத்தில் மூன்று முறை திருத்தப்பட்டது. அட்டை மாறியது, படங்கள் பளபளப்பானது, எழுத்துரு மாறியது. வேளாண்மைப் பாடத்தின் வாக்கியங்கள் வரிசைகூட மாறாமல் அப்படியே இருக்கின்றன. திருத்தும்போது வகுப்பில் நிற்கிறவர்களை ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள், எந்த இடத்தில் வாய்மூடிப் போகிறார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். விடைக்குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட்டால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். யோசித்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்தால் யாரும் எங்களிடம் விளக்கம் கேட்பதில்லை. இது எங்களை என்ன செய்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன். அடுத்த பதிப்பில் அந்த ஏணியை எடுத்துவிடுங்கள். பதிப்பு வர நாளாகும் என்றால், இந்த ஆண்டுத் தேர்வுக்கு முன்பே விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: மாணவர் காரணத்தோடு மாற்றுக் கருத்து எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வழங்கலாம். அந்த ஒரு வரிக்கு அச்சுச் செலவுகூட ஆகாது. 'ஏன் கைவிடப்பட வேண்டும்' என்ற வினாவை 'ஏன் மாறி வருகிறது' என்று திருத்துங்கள், இரண்டு சொல்தான்.

அவளுடைய முதல் விடைத்தாளை, அந்தப் பென்சில் வட்டத்தோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பெயரை மறைத்து அனுப்பித் தருகிறேன். குழுக் கூட்டத்தில் அதை ஒருமுறை மேசையில் வைத்துப் படித்துப் பார்த்து, எது தப்பு என்று எனக்கு எழுதுங்கள். நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை