பாம்பின் காயத்துக்கு மஞ்சள் வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய், பூனையோடு இப்போது பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் என்ற வெளிநாட்டுப் பாம்புகளும் வளர்கின்றன. (பால் பைத்தானுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க இனம் அது.) இந்தப் பாம்புகளுக்குச் சிராய்ப்பு ஏற்பட்டால் நம் வீடுகளில் கை முதலில் போவது மஞ்சள் டப்பாவுக்கு, இல்லையென்றால் டெட்டால் பாட்டிலுக்கு. இரண்டும் கூடாது.

மஞ்சள் விழுது காய்ந்து செதில்களுக்கு அடியில் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். காயத்தின் நிறமும் தெரியாமல் போகும். காயம் ஆறுகிறதா, அழுகுகிறதா என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். தேங்காய் எண்ணெய் தடவினால் பாம்பு வாழும் பெட்டியிலுள்ள தூசியெல்லாம் காயத்தில் வந்து அப்பும். டெட்டால் வகையறாவிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக முளைக்கும் திசுவையும் சேர்த்துப் பொசுக்கிவிடும்.

இரண்டு மூன்று செதில்கள் பெயர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்து, ரத்தமும் நின்றுவிட்டதென்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தசை தெரிந்தால், காயம் கண்ணருகிலோ வாயருகிலோ இருந்தால், இரையாக விட்ட எலி கடித்திருந்தால், சூடு பட்டிருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். எலிக்கடி வெளியே ஊசிமுனை அளவுதான் இருக்கும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். சூட்டுக்காயம் முதல் நாள் வெறும் சிவப்பாகத் தெரியும். கொப்புளமும் தோல் செத்துப்போவதும் சில நாள் கழித்தே வெளிப்படும். சட்டை உரிக்கும் நாள் நெருங்கினாலும் பால் பைத்தானின் வயிறு சிவக்கும். கூடவே கண் நீலம் பூத்து மங்கினால் அது காயமல்ல.

மருந்துக்கடையில் 500 மி.லி. நார்மல் சலைன் (உப்புக்கரைசல்), ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு, காஸ் துணி, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் கரைசல் வாங்குங்கள். ‘ஸ்க்ரப்’ என்று எழுதிய அயோடின் வேண்டாம், அதில் சோப்பு கலந்திருக்கும். பஞ்சும் வேண்டாம், இழை செதிலில் சிக்கும். சலைன் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கி, சிரிஞ்சால் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். எதிர்த்திசையில் பீய்ச்சினால் அழுக்கு செதிலுக்குள் போய்விடும். பிறகு 45 மி.லி. சலைனில் 5 சதவீத அயோடின் 5 மி.லி. கலந்தால் பால் விடாத, லேசான டீயின் நிறம் வரும். கையில் இருப்பது 10 சதவீதம் என்றால் பாதி அளவு போதும். அதில் நனைத்த காஸ் துணியைக் காயத்தின் மேல் சில நிமிடம் வைத்து, மறுபடி சலைனால் அலசி, ஒற்றி எடுங்கள். அடர்த்தி கூடினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்துச் சலைன் கலக்காத அயோடினை ஊற்றினால் தோல் எரிந்து ஆறுவது தள்ளிப்போகும். கலவையை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும்.

ஒரு சதவீத சில்வர் சல்ஃபடையசின் களிம்பைத் தாள் கனத்துக்குத் தடவலாம். பெயர் ‘கெயின்’ என்று முடியும் மரப்பு மருந்து கலந்த களிம்பு ஆகாது. நாளுக்கு ஒருமுறை, ஐந்து முதல் ஏழு நாள் போதும். கட்டுப் போட வேண்டாம். ஊர்ந்தால் கழன்றுவிடும், இல்லையேல் இறுகிவிடும். ஊர்வனவற்றின் சீழ் ஒழுகாது, பனீர் பால்கட்டிபோலக் கெட்டியாகத் திரளும். ஆகவே ஒன்றும் வழியவில்லை என்று நிம்மதியடையக் கூடாது. தோலடியில் கட்டி தட்டுப்பட்டால் பிதுக்காதீர்கள், மருத்துவர் கீறித்தான் எடுக்க முடியும்.

மருந்தைவிடப் பெட்டியில்தான் அதிகம் கவனம் வேண்டும். தேங்காய்நார்த் தூளையும் மரச்சீவலையும் எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் விரித்து, நனைந்தால் உடனே மாற்றுங்கள். (உங்கள் நாளிதழையும் விரிக்கலாம்தான், காயத்துக்கு அச்சில்லாத தாள் நல்லது, கோபிக்க வேண்டாம்.) பாம்பு உள்ளே படுத்து ஊறாத அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம் சிறியதாக இருக்கட்டும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் வேண்டும். மார்கழி இரவில் பெங்களூரு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது பெட்டியும் குளிர்ந்தால் பாம்பின் நோயெதிர்ப்பு மந்தமாகும். என்ன தடவினாலும் காயம் அப்படியே கிடக்கும்.

அதற்காகப் பெட்டிக்கு அடியில் வைத்துச் சூடாக்கும் ஹீட்டிங் மேட்டை நேராகப் பிளக்கில் செருகினால் அதுவே அடுத்த காயம். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத மேட் பெட்டியின் அடிக்கண்ணாடியை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கும். வயிறு வெந்தாலும் பாம்பு பல நேரம் விலகாது. தெர்மோஸ்டாட் இருந்தும் சுடுவது பெரும்பாலும் வெப்பத்தை அளக்கும் சென்சார் முனை நகர்ந்ததால்தான். முனை குளிர்ந்த தரையில் கிடந்தால் சூடு போதவில்லை என்று கருவி மேட்டை அணைக்காமலே ஓட்டும். முனையை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் டேப் போட்டு ஒட்டுங்கள். மூக்கில் மட்டும் புண் என்றால் பாம்பு வலைமூடியில் உரசுகிறது. ஒளிய இடம் போதாததே பெரும்பாலும் காரணம். உயிருள்ள எலி கொடுப்பவர்கள் இன்றே நிறுத்திவிடலாம். உறையவைத்து இளக்கிய எலி கடிக்காது.

முதல் வாரம் தீனியைத் தள்ளிப்போட்டு, பிறகு வழக்கத்தைவிடச் சிறிய எலியாகக் கொடுங்கள். பெரிய இரை தோலை இழுத்துப் புண்ணைப் பிளக்கும். முழுதாக ஆற இரண்டு மூன்று சட்டை உரிப்புகள் ஆகலாம், அதாவது மாதக்கணக்கு. காயத்தின் மேல் பழைய சட்டை ஒட்டியிருந்தால் உரித்தெடுக்காதீர்கள், புதுத்தோலும் சேர்ந்து வரும். பாம்பைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. பாம்பிடமிருந்து தொற்றக்கூடிய சால்மொனெல்லா பாக்டீரியா ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும்.

மருத்துவரிடம் போவதென்றால் பாம்பு பார்ப்பாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாம்பைத் தலையணை உறையில் விட்டு உறையின் வாயைக் கட்டி, துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பூட்டிய கார் அடுப்பாகிவிடும், பெட்டியை வெயில் படும் சீட்டில் வைக்கக் கூடாது.

இத்தனையும் வெளிநாட்டு இனங்களுக்குத்தான். பால் பைத்தான் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குடியிருப்பு வளாகத்தில் அப்படியொன்று அடிபட்டுக் கிடந்தால் தொடாமல், கூட்டம் சேர்க்காமல், கர்நாடக வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாம்பு வளர்ப்போர் இருவர்,
அல்சூர், பெங்களூரு