புரெவி எங்களை ஏமாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பனில் தெற்குக் கடற்கரையை ஒட்டி என் வீடு. ஓட்டு வீடு. முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. சனிக்கிழமை காலை முகாமிலிருந்து திரும்பி வந்து, நனைந்த பாய்களை மதில்மேல் விரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினான். கரையைக் கடக்காமல் எங்கள் பக்கத்திலேயே வலுவிழந்துபோன புரெவி புயலைப் பற்றி, 'ஏமாற்றிய புரெவி' என்று ஒரு செய்தி. அதன் கீழே 'இதுக்கா இவ்வளவு பில்டப்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அப்புறம் தொலைக்காட்சியிலும் அதே சொல்லைக் கேட்டேன். அன்று முழுக்க அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒன்று வரும் வரும் என்று ஆசையாகக் காத்திருந்து, அது வராமல் போனால் ஏமாற்றம் என்று சொல்லலாம். பாம்பனில் யார் புயலுக்கு ஆசைப்பட்டோம்?

புதன்கிழமை, 2020 டிசம்பர் 2ஆம் தேதி, பாம்பன் துறைமுகத்தில் 7ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கூண்டுக் கணக்கை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1, 2 என்றால் புயல் எங்கோ தூரத்தில் இருக்கிறது. 7 என்றால் இந்தத் துறைமுகத்தின் மேலேயோ, அதற்கு மிக அருகிலோ கடக்கப் போகிறது. 11 வரைக்கும் உண்டு. 11 ஏறினால் வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

என் அம்மாவுக்கு 87 வயது. காது மந்தம். தெருவில் ஆட்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "கூண்டு ஏத்திட்டாகளா? எத்தனாம் நம்பரு?" என்று கேட்டாள். ஏழு விரலைக் காட்டினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். முகாமுக்குக் கூப்பிட வண்டி வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ரேஷன் கார்டு, ஜெபமாலை, இரண்டு சேலை, அப்பாவின் பழைய டார்ச்சு லைட். இவ்வளவுதான் பையில் இருந்தவை. வயதானவர்கள் வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று அடம் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தத் தீவில் 1964 புயலைப் பார்த்தவர்கள் அப்படி அடம் பிடிப்பதில்லை.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. என் அப்பா பாம்பன் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் வேலை பார்த்தார். டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால் தனுஷ்கோடிக்குப் பயணிகள் ரயில் கிளம்பியபோது அவர் நடைமேடையில்தான் நின்றிருந்தார். காற்றும் மழையும் இருந்தன. ஆனால் மார்கழியில் இங்கே காற்றும் மழையும் இல்லாத ராத்திரி எது? வண்டி போனது. தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழும்பி வந்து மொத்த ரயிலையும் அள்ளிக்கொண்டது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. தனுஷ்கோடி ஊரும் அன்றோடு போனது. எங்கள் பாம்பன் ரயில் பாலமும் சிதைந்து போனது. அப்போது தரைவழிப் பாலம் கிடையாது, அது 1988இல்தான் திறந்தார்கள். வெளியுலகத்துக்கும் எங்களுக்கும் இடையே இருந்த ஒரே பாதை அறுந்து கிடந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள் என்பதை இன்றைக்கும் ஊரே பெருமையாகச் சொல்லும்.

அப்பா பெருமையாக எதையும் சொன்னதில்லை. டார்ச்சு கையில்தான் இருந்தது, அதை ஆட்டியிருந்தால் வண்டி நின்றிருக்கும் என்பார். "எனக்குத் தெரியலையே தாயி, யாரும் சொல்லலையே" என்பார். சாகும்வரைக்கும், மழை வலுக்கும்போதெல்லாம் இதையே சொன்னார். அந்த டார்ச்சைத்தான் அம்மா பையில் வைத்திருக்கிறாள்.

சரி, இந்தப் புயலுக்கு வருகிறேன். இந்த முறை எங்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. புயல் எங்கே இருக்கிறது, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது, இலங்கையில் எந்த இடத்தில் ஏறும், நம் பக்கம் எப்போது வரும் என்பதெல்லாம் மீன் வலை பின்னும் பெண்களுக்குக்கூட அத்துப்படி. ஊரில் கடல் ஓசை என்று 90.4இல் ஒரு சமூக வானொலி இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்காகவே நடப்பது. என் வீட்டில் அதை அணைப்பதே இல்லை. மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு கொடுப்பதை நிறுத்தியிருந்ததால் கடலுக்குள் யாரும் இல்லை. என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் நாட்டுப்படகுகளைப் பாதுகாப்பான பக்கமாகக் கொண்டுபோய், ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விட்டு, இரண்டு நங்கூரம் போட்டுக் கட்டினார்கள். வத்தை என்கிற சின்னப் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். எங்களுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வோம். வழக்கமாக ஒன்று கோபித்துக்கொண்டால் இன்னொன்றில் படகை ஒதுக்கலாம். புயல் நடுவில் வந்தால் எந்தப் பக்கம் ஒதுக்குவது? அதுதான் அன்று எல்லார் முகத்திலும் இருந்த கேள்வி.

புதன்கிழமை இரவு திருகோணமலைக்கு வடக்கே புயல் கரையேறியது. வியாழக்கிழமை சவேரியார் திருநாள். கோயிலில் பூசைக்கு இருக்க வேண்டியவர்கள் எல்லாரும் முகாமில், முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளி விரித்த பாய்களில் உட்கார்ந்திருந்தோம். முதல் ஒரு மணி நேரம்தான் அந்த இடைவெளி இருந்தது, பிறகு குளிரில் எல்லாரும் நெருங்கிவிட்டோம். மதியவாக்கில் காற்று சீறியது. சன்னல் கதவு ஒன்று கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு போனது. குழந்தைகள் அழவில்லை, பெரியவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அன்று இரவே பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மாவட்டங்களுக்கு மறுநாள் பொது விடுமுறையும் விட்டாயிற்று.

அது கடக்கவில்லை. இலங்கையின் நிலத்தில் ஏறி இறங்கியதில் பலம் குறைந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க நகரவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது. இந்த நிற்பதைத்தான் 'போக்கு காட்டுகிறது' என்று வேடிக்கையாக எழுதினார்கள். நின்ற இடம் எங்கள் வாசல், அதனால் எங்களால் சிரிக்க முடியவில்லை.

வெள்ளி இரவு ஒரு மணி இருக்கும், எனக்கு விழிப்புத் தட்டியது. சத்தத்தில் அல்ல, சத்தம் நின்றதில். இரண்டு நாளாகக் காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் இல்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது தனியாகக் கேட்டது. யாரோ ஒரு குழந்தை இருமியது கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. காது கேட்காத என் அம்மா மட்டும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தட்டி எழுப்பி, கையை விரித்து 'இல்லை, போய்விட்டது' என்று சைகை காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அதைப் பார்த்து நாலு பேர் அழுதோம், ஆண்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

விடிந்ததும் தெருவுக்குள் நுழைந்ததை எப்படிச் சொல்வது? முருங்கைமரம் சாய்ந்து மதிலில் கிடந்தது. ஓடு பதினாறு போயிருந்தது, எண்ணினேன். அரிசிப் பானைக்குள் மணல். இத்தனையையும் பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். "உனக்கு எத்தனை ஓடு?" என்று வீட்டுக்கு வீடு கத்திக் கேட்டுக்கொண்டோம், கல்யாண வீட்டில் மொய் கேட்பது போல. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருவர், எத்தனையோ நாளாகப் பேசாதவர்கள், ஒரே வாளியில் தண்ணீர் மோந்து இரண்டு வீட்டுத் திண்ணையையும் கழுவினார்கள். தேநீர்க் கடைக்காரர் அன்றைக்குக் காசு வாங்கவில்லை. பையன்கள் கடற்கரைக்கு ஓடி, ஒதுங்கிக் கிடந்த மிதவைகளையும் அறுந்த கயிறுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்து யாருடையது என்று கேட்டார்கள். தம்பியின் படகு நின்ற இடத்தில் நின்றது. பக்கத்துப் படகு ஒன்று கயிறு அறுந்து பாறையில் மோதி அடிப்பலகை உடைந்திருந்தது. அந்தக் குடும்பத்துக்கு வருமானம் எப்போது என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த மனிதர் படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆள் இருக்கேன்ல, கட்டிக்கிறலாம்" என்றார்.

ஆள் இருக்கிறேன் என்கிறாரே, ஐயா, அதற்கா ஏமாற்றம் என்று பெயர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டே அந்தத் தாழ்வு மண்டலம் மழையையெல்லாம் வடக்கே கொண்டுபோய்க் கொட்டியது. வெள்ளிக்கிழமை காலைக் கணக்கில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்ற படத்தைப் பார்த்தோம். கடலூர்ப் பக்கத்துச் சம்பா வயல்கள் முங்கிவிட்டன என்று கேட்டபோது எங்கள் சிரிப்பு அடங்கிப்போனது. 'புஸ்வாணம்' என்று எழுதியவர்கள் அந்த விவசாயிகளின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்வார்களா? புயல் கரையேறாவிட்டால் செய்தி இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு பயம் தருகிறது என்றால், கைப்பேசியைக் காட்டிய அந்தப் பையன், என்னிடம் அ, ஆ படித்தவன், சொன்னான்: "டீச்சர், அடுத்த தடவை நான் வரல. சும்மா கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கிறாக." அவனுக்கு இருபது வயது. போன மாதம்தான் தம்பியோடு தொழிலுக்குப் போக ஆரம்பித்தான். மூன்று வருடத்துக்கு முன், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரிக்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்றும் தேதி தெரியாமல் திதி கொடுக்கின்றன. செய்தி வராமல் செத்தவர்கள் அவர்கள். செய்தி வந்தும் நம்பாமல் சாக வேண்டுமா எங்கள் பிள்ளைகள்? 2018இல் கஜா இப்படிப் பலம் குறையவில்லை. வேதாரண்யத்தில் ஏறித் தென்னையையெல்லாம் முறித்துப் போட்டது. எது குறையும், எது குறையாது என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாக் கூண்டுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது.

முகாமில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். நாங்கள் தங்கிய இடத்தில் பெண்களுக்கு இருந்த கழிப்பறை இரண்டு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கைக்குழந்தைக்காரி வெள்ளிக்கிழமை மதியமே, மழையோடு, வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் புயல்மேல் நம்பிக்கைக் குறைவு இல்லை, தாழ்ப்பாள்தான். இதைப் பற்றி ஒரு நிருபரை அனுப்பி எழுதச் செய்யுங்கள். உடைந்த படகுகளுக்கு நிவாரணம் எப்போது வரும் என்று கேட்டு எழுதுங்கள். சோறு நேரத்துக்கு வந்தது, தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பிள்ளைகள் கனிவாக நடந்துகொண்டார்கள், அதையும் எழுதுங்கள்.

'ஏமாற்றியது' என்ற சொல்லை மட்டும் அடுத்த புயலுக்குப் போடாதீர்கள். 'வலுவிழந்தது' என்று போடுங்கள், 'ஊர் பிழைத்தது' என்று போடுங்கள், இடம் இல்லையென்றால் 'தப்பித்தோம்' என்று ஒரே சொல்லாகப் போடுங்கள்.

இன்று திங்கட்கிழமை. பாய்கள் காய்ந்துவிட்டன. அம்மா பையைப் பிரிக்க மாட்டேன் என்கிறாள், பொங்கல் வரைக்கும் அப்படியே இருக்கட்டுமாம். டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாம்பன்.