அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலைச் சிறப்பு வகுப்புகளுக்குத் தவறாமல் வந்தார்கள். கலைத் திருவிழாவில் நம் கிராமிய நடனக் குழு வட்டார அளவில் பரிசு வாங்கியது. எறிபந்தில் பெண்கள் அணி நன்றாக ஆடியது. எட்டாம் வகுப்பில் பலர் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுத இருக்கிறார்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்பதால், விடுமுறையில் பழைய வினாத்தாள்களை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழிப்பறைக் குழாய்களை மாற்றித் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி.

அப்புறம், என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குள் சண்டை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை இன்னொருத்தி மூன்றாவது தோழியிடம் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பதினான்கு வயதில் அது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பிள்ளை மதியம் சாப்பிடவில்லை. கடைசி இரண்டு பீரியடும் தலையை மேசையில் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

அன்று இரவு விஷயம் வீட்டுக்குப் போனது. ஒன்றரை ஷிஃப்ட் முடித்து எட்டரை மணிக்குக் கம்பெனியிலிருந்து வந்த அம்மா, மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் பதறிப்போனார். யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வோம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். இன்னொரு பிள்ளையின் வீட்டிலிருந்து பதில் இன்னும் சூடாக வந்தது. பத்து மணிக்குள் வகுப்பிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அந்தப் பிள்ளை சொன்ன ரகசியம் தெரிந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் ஒரு அப்பா, அடுத்தவர் மகளை நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கேள்வி கேட்டார். அந்தப் பிள்ளை புத்தகப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றது. இரண்டு வீட்டிலும் "இனிமே அவளோட பேசினே, நடக்கிறதே வேற" என்று கட்டளை.

நானும் ஒரு தவறு செய்தேன். சண்டை பெரிதாகக்கூடாது என்று இருவரையும் வேறு வேறு பெஞ்சுக்கு மாற்றச் சொன்னேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் போனேன். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தார்கள். "மேடம், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சண்டை போட்டவர்கள் தாங்களாகவே சமாதானமாகிவிட்டார்கள். அந்த நல்ல காரியத்தைத்தான் திருட்டைப் போல ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. (இதை எழுதலாமா என்று அந்த இருவரிடமும் கேட்டேன். பெயர் வராமல் எழுதச் சொன்னார்கள். அதற்கு முன் இரு வீட்டிலும் நானே போய்ப் பேசிவிட்டேன்.)

இந்த வயதுப் பிள்ளைகளின் மனசு ஒரு நாளைக்குள் எத்தனை முறை ஏறி இறங்கும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ பக்கம் 75 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பேஜர் கொடுத்து, ஒரு வாரம் அது ஒலிக்கும்போதெல்லாம் எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய், மனசு எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் மகிழ்ச்சியும் சோர்வும் உச்சத்துக்குப் போயின. ஆனால் சீக்கிரமே இறங்கியும் விட்டன. மதியம் உலகமே முடிந்தது என்று அழுத பிள்ளை சாயங்காலம் சிரிப்பது நடிப்பு இல்லை. நாம்தான் எட்டரை மணிக்கு அந்த மதியத்தைக் கேட்டுவிட்டு, அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான ரீட் லார்சன், பிறகு சுமன் வர்மா என்ற பேராசிரியருடன் சேர்ந்து நம் நாட்டிலும் இதே முறையில் பார்த்தார். சண்டிகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேர் ஒரு வாரம் அலாரம் கடிகாரம் கட்டிக்கொண்டு எழுதினார்கள். நம் பிள்ளைகள் வீட்டாரோடு நிறைய நேரம் இருக்கிறார்கள், அந்த நேரத்தில் பெரும்பாலும் நிம்மதியாகவே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. வளர வளர வீட்டை விட்டு விலகியே தீருவார்கள் என்பது எல்லா ஊருக்கும் பொது விதி இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். நம் வீடுகளுக்குள் அந்த நிம்மதி இருக்கிறது. சண்டையை வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்த்தால், பிள்ளை வந்து இறங்குவதற்கு இருந்த ஒரே இடமும் போய்விடும்.

நம் திருப்பூரில் இது இன்னும் முக்கியம். நம் பள்ளியில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவை. தேனி, திண்டுக்கல், நெல்லை, ஒடிசா, பீகார் என்று எத்தனையோ இடங்கள். இங்கே ஆத்தா, அப்பத்தா பக்கத்தில் இல்லை. அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று தெருவில் யாரும் இல்லை. லைன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் அம்மா வரும்வரை தனிமைதான். இந்தப் பிள்ளைக்குப் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள்தான் அக்கா, தங்கை, எல்லாமே. "அவளோட சேராதே" என்று நாம் சொல்லும்போது எடுத்துக்கொள்வது ஒரு தோழியை மட்டும் இல்லை.

சரி, பிள்ளை அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வது? முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு கேளுங்கள். "நீ என்ன பண்ணினே?" என்றோ "அவ அம்மா நம்பர் குடு" என்றோ தொடங்காமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை சொல்லும்போதே கரைந்துவிடும். கடைசியில் "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டா போதுமா?" என்று கேளுங்கள். கேட்டா போதும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். அப்பாக்களும் கேட்க வேண்டும். அம்மாவிடம் எல்லாம் சொல்லும் பிள்ளை அப்பாவைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது மாற வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. அடி, மிரட்டல், பணம் கேட்பது, படம் எடுத்துப் பரப்புவது, ஒரு பிள்ளையை வகுப்பே சேர்ந்து நாள்கணக்கில் ஒதுக்குவது, இவையெல்லாம் சண்டை இல்லை. பிள்ளை தொடர்ந்து சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கு வர மறுத்தாலும் காத்திருக்காதீர்கள். நேராக என்னிடம் வாருங்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லத் தயங்கினால் 'மாணவர் மனசு' பெட்டியில் பிள்ளையே எழுதிப் போடலாம். கல்வி உதவிக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வாசலிலோ, வரும் வழியிலோ, அடுத்தவர் பிள்ளையை நிறுத்தி விசாரிப்பதை இனி அனுமதிக்க மாட்டேன். அது யாராக இருந்தாலும், எந்தக் காரணமாக இருந்தாலும் சரி. மீறினால் பள்ளி மேலாண்மைக் குழு முன் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வகுப்புக் குழுவில் பிள்ளைகளின் சண்டை பற்றிக் குரல் பதிவு வந்தால் குழுவை ஆசிரியர் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுவோம். இன்னொன்று. அன்றைய பதிவுகளில் ஊர்ப் பெயரும் சாதியும் வந்தன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்களே ஒரு மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. நம் பள்ளிப் பிள்ளைகளின் நட்புக்குள் அந்தப் பேச்சு வர நான் விடமாட்டேன்.

கோபமாக எழுதியதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தும், பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கவனிக்கிறீர்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அன்று வாசலில் நின்ற அப்பா ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார். அந்தப் பிள்ளையை அழைக்கச் சொல்லி, "தப்பா எடுத்துக்காத கண்ணு, மாமா ஏதோ வேகத்துல பேசிட்டேன்" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருக்கு என் நன்றி. அன்று அந்தக் குழுவில் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இருந்த மற்றப் பெற்றோர்களுக்கும் நன்றி.

சனிக்கிழமை சம்பள நாள் என்பதால், பள்ளி திறந்த பிறகு வரும் முதல் ஞாயிறு காலை 11 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். முடிந்தால் இருவரும் வாருங்கள். இரண்டு பிள்ளைகளையும் பழைய பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி