கலேவாக்காரிக்கும் சேர்த்து ஒரு நன்றி

புத்தகம் வந்துவிட்டது. புத்தகம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, 148 பக்கம், 200 பிரதி, காரைக்குடியில் அச்சடித்தது, விலை போடவில்லை. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, பர்மாவிலிருந்து நடந்து வந்ததும், வந்த பிறகு இந்தப் பள்ளத்தூர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதும்தான் கதை. போன வாரம் படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிட, கூடியிருந்த பங்காளிகளுக்கு முகப்பில் வைத்துக் கொடுத்தோம். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அத்தைக்கு. 1939இல் ஐயா கப்பலேறியபோது அப்பத்தா வயிற்றில் இருந்தது அத்தைதான். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்ப முடியும், பெட்டியடியில், அதாவது செட்டியார் வட்டிக்கடையில், சேர்ந்த எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் அதே கதைதான். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது, மறு வருஷம் மார்ச்சில் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. பெகு ஊர்க் கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளின் உதவியாளாக, இருந்த ஐயா அதற்கு முன்பே கிளம்பி, ரயிலில் மாந்தலே, அப்புறம் மோனிவா, அங்கிருந்து சிண்ட்வின் ஆற்றில் படகு பிடித்துக் கலேவா, கலேவாவிலிருந்து தம்மு வழியாக மலையில் நடந்தே இம்பால் சேர்ந்து, லாரி ஏறித் திமாபூர், கல்கத்தா என்று வந்து சேர்ந்தபோது இங்கே ஆனி மாதம். தாடியும் புண்ணான காலுமாக முகப்பில் நின்றவரைப் பார்த்து அத்தை அலறிக்கொண்டு இரண்டாம் கட்டுக்கு ஓடினார்களாம். “எனக்கு அது ஞாபகமே இல்லைத்தா, எல்லாரும் சொல்லிச் சொல்லி ஞாபகமாப் போச்சு” என்றார்கள். புத்தகத்தில் பாதி இப்படி வந்த ஞாபகம்தான். 85 வயதில் தினமும் என் நச்சரிப்பைத் தாங்கிய அத்தைக்கு நான் என்ன செய்துவிட முடியும்.

ஐயாவின் பேரேடுகளை வாசித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு அடுத்த நன்றி. தமிழ் எண்ணும், மாகாணி, முந்திரி என்ற பழைய பின்னங்களுமாக இருந்த அந்த எழுத்து எனக்குக் கோலம் மாதிரிதான் தெரிந்தது. ஏழு மாதம், சனிக்கிழமை தவறாமல் வந்தார், காபி தவிர ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய வருஷத்துப் பேரேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பக்கத்தின் தலைப்பில் ‘கலேவாச் சோத்துக்காரி’ என்று பேர் எழுதி, வரவு இரண்டு நேரச் சோறு, ஒரு குடம் தண்ணீர் என்று ஐயா பற்று வைத்திருந்தார். தப்பு, பற்று இல்லை, வரவு வைத்திருந்தார். நான் இப்படி மாற்றிச் சொன்னால் வாத்தியாருக்குக் கோபம் வரும். அந்த அம்மாள் கொடுத்தாள், அதனால் அவள் கணக்கில் வரவு. திருப்பிக் கொடுத்தால் எழுதுவதற்கான பற்றுப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. ஐயா சாகும் வரை ஒவ்வொரு வருஷமும் புதுப் பேரேட்டுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்திருக்கிறார்.

இதைச் சொன்னால் நாங்கள் ரொம்ப நல்லவர்கள் என்று ஆகிவிடும், அதனால்தான் மூன்றாம் அத்தியாயம். 1930இல் கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6, 1938க்குள் அது 25 ஆகிவிட்டது. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மா விவசாயியால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் வட்டிக்கடைக்கு வந்தது. யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை, பணம்தான் வேண்டும் என்றார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதும் உண்மைதான். ஆனால் நிலம் போனவனுக்கு அதில் என்ன ஆறுதல்? ஐயா கையாலேயே எழுதிய அடமானக் குறிப்புகள் பெட்டியில் இருக்கின்றன. கலேவாக்காரிக்குச் சொந்தக்காரர் யாராவது அந்தக் குறிப்பில் இருந்திருக்கலாம், யார் கண்டது. இந்த அத்தியாயத்தை எடுத்துவிடு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒரு பெரியப்பச்சி (பெரியப்பா) கோபித்துக்கொண்டார். பேர் வேண்டாம், புத்தகத்தை வாங்கிக்கொண்டுதான் போனார். “எடுத்தா எல்லாத்தையும் எடு, இல்லாட்டி இருக்கட்டும்” என்று அன்றைக்கு எனக்காகப் பேசியது என் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) ஒருத்திதான். அண்ணமிண்டி, அதை மறக்க மாட்டேன்.

ஐயா வெறுங்கையோடு வந்தார், அஞ்சு வருஷம் சரியான வேலை இல்லை. அந்த அஞ்சு வருஷமும் வீட்டை ஓட்டியது அப்பத்தா. முதலில் சீர்ச்சாமான் போனது, பித்தளை, பீங்கான் என்று அறை அறையாகக் காலியானது. அப்புறம் ராத்திரியில் இரண்டாம் கட்டில் தேன்குழலும் மணகோலமும் அதிரசமும் சுட்டார்கள். செட்டி வீட்டு ஆச்சி பலகாரம் விற்கிறாள் என்று வெளியே தெரியக்கூடாது, அப்போது அது அவ்வளவு பெரிய விஷயம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், தன் சரக்கு என்று சொல்லித் தலைச்சுமையாகத் தேவகோட்டை வரைக்கும் கொண்டுபோய் விற்று, காசை முந்தியில் முடிந்து வந்து கொடுத்திருக்கிறார். யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. சத்தியமாக எனக்கே மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் தெரியும். அவருடைய பேத்தி காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறார், அவர் பாட்டி சொன்னதாகச் சொல்லவில்லை என்றால் இந்த வீட்டின் நடுக்கதையே விட்டுப்போயிருக்கும். படைப்பன்று அவரைக் கூப்பிட்டிருந்தோம். முதல் பிரதி அவருக்குத்தான் கொடுத்தோம், அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

1947இல் அழகப்பா கல்லூரி தொடங்கியபோது ஐயாவுக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் கதை சாதாரணம்தான், பிள்ளைகள் படித்தார்கள், பேரப்பிள்ளைகள் படித்தோம்.

ஐயாவின் தம்பி, எங்கள் சின்ன ஐயா மட்டும் போன சொத்தை மீட்கிறேன் என்று போர் முடிந்ததும் திரும்ப ரங்கூன் போனார். 1948இலேயே நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்துவிட்டது, 1964இல் கடைகளும் போயின, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவரின் கப்பல் சீட்டைப் பத்திரப்படுத்திக் கொடுத்த வியாசர்பாடித் தம்பிக்கு நன்றி.

மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டிய மோரேயில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர் ஒருவருக்கும் சொல்ல வேண்டும். ஐயா நடந்த வழியைப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன், 2023 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு மணிப்பூரில் அதற்கு வழியில்லை. அவர் முகம் நான் பார்த்ததில்லை. வாட்ஸப்பில் தம்முப் பக்கம் போகும் சாலையின் பழைய படங்களை அனுப்பிவிட்டு, “உங்க தாத்தா இந்தப் பக்கமாத்தான் வந்திருக்கணும்” என்று குரல் பதிவு போட்டிருந்தார். அதை அத்தைக்கு நாலு தரம் போட்டுக் காட்டினேன்.

யாரையாவது விட்டிருந்தால் திட்டிவிடுங்கள். 61ஆம் பக்கத்துப் படத்தில் இருப்பது எங்கள் முகப்பு இல்லை, பக்கத்து வீட்டு முகப்பு, அந்தத் தப்பு என்னுடையது. இன்னும் 14 பிரதி மரப்பெட்டி மேல் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், நாலு மணிக்கு மேல் வாருங்கள், அத்தை மத்தியானம் தூங்குவார்கள்.