கம்பிக்கு அந்தப் பக்கம் பாடினவங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த பரோக் இசைக் கட்டுரைய, அதான் 1600லேர்ந்து 1750 வரைக்குமான ஐரோப்பிய இசை பத்தினத, ரெண்டு தடவ படிச்சேன். பாஃக், விவால்டி பத்தியெல்லாம் நல்லா எழுதியிருக்காங்க, ஆனா நடுவுல அந்தக் காலத்து கிறிஸ்தவக் கோயில்கள்ல பெண்கள் பாடவே இல்லைங்கிற மாதிரி ஒரே வரில முடிச்சிட்டாங்க பாருங்க, அங்கதான் மனசு கேக்கல. கொட்சொலானின்னு ஒரு சிஸ்டர பத்திச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கத்தீட்ரல்னு சொல்ற பேராலயத்துக் கொயர்ல, அதான் பாடகர் குழுவுல, பெண்கள சேக்கல, சரி. கன்னியர் மடத்துக் கோயில்ல யாரு பாடுவா? சிஸ்டர்ஸ்தானே! இத்தாலில மிலன்ல பெரிய கத்தீட்ரலுக்குப் பக்கத்துலயே சாந்தா ராதெகோந்தான்னு பெனடிக்டைன் துறவற சபையோட ஒரு கன்னியர் மடம், கோயிலுக்கு நடுவுல சுவரு, அதுல கம்பி வச்ச ஜன்னல், அந்தப் பக்கம் சிஸ்டர்ஸ், இந்தப் பக்கம் ஊர் ஜனம், பாடுறவங்க மொகம் தெரியாது குரல் மட்டும்தான் வரும், அதக் கேக்க வெளியூர்லேர்ந்து வந்தவங்க உண்டு. அந்த மடத்துல இருந்தவங்கதான் 1602ல பொறந்த கியாரா மார்கரீத்தா கொட்சொலானி, பாடுறதுக்கு இசை எழுதின சிஸ்டர்.

பைபிள் சங்கீதங்களுக்கு அவங்க இசையமைச்சு 1650ல வெனிஸ்ல அச்சான புத்தகம் எட்டுக் குரலுக்கு, ரெண்டு கொயர் மாறி மாறிப் பாடுற மாதிரி எழுதினது. அதுல 112ம் சங்கீதத்த கேள்வி பதிலாவே அமைச்சிருக்காங்க, ஒரு குரல் கேக்கும் இன்னொண்ணு சொல்லும், முதல் தடவ கேட்டப்ப நான் அப்படியே உக்காந்துட்டேன்.

அந்த எட்டுல ஆம்பளக் குரலான டெனரும், அதுக்கும் கீழ போற பேஸும் இருக்கு. மடத்துக்குள்ள ஆம்பள ஏது? எங்க கொயர்ல ஆளு வராத ஞாயித்துக்கிழம டெனர் பார்ட்ட ஆல்டோ, அதான் பெண்கள்ல கீழ்க்குரல், பாடுற நாங்கதான் சமாளிப்போம், அதனால இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கம். மொத்தப் பாட்டையும் மேல ஏத்திப் பாடலாம், இல்ல பேஸ மட்டும் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேல பாடிட்டு கீழ் சுரத்த ஆர்கனுக்கு விட்டுடலாம். அதே இத்தாலில மொதேனாவுல சுல்பீத்சியா சேசிஸ்னு இன்னொரு சிஸ்டர் 1619லயே எந்தப் பார்ட்ட ட்ரோம்போன்ங்கிற பித்தள ஊதுகருவில வாசிக்கணும்னு புத்தகத்துலயே அச்சடிச்சிருக்காங்க. நோவாரா ஊர்ல இசபெல்லா லெயோனார்தான்னு இன்னொரு சிஸ்டர் எழுதினது மட்டும் 200 பாட்டு கிட்ட வரும். இவங்களையா இல்லவே இல்லைன்னு சொல்றது?

இவங்கள சும்மாவும் விடல. 1660கள்ல மிலன் பேராயர் ஆல்ஃபோன்சோ லித்தா சாந்தா ராதெகோந்தா மடத்துப் பாட்டையே கட்டுப்படுத்தப் பாத்தாரு. கொட்சொலானி அங்க மடத் தலைவியாவே இருந்தவங்க, ஆனா 1650க்கு அப்புறம் அவங்க புத்தகம் எதுவும் வந்ததா தெரியல.

1640ல வந்த அவங்களோட முதல் புத்தகம் தொலைஞ்சே போச்சு. 1648ல தனிக்குரலுக்கு எழுதினதுல பாடுற வரி மட்டும் மிச்சம், கூட வாசிக்கிற ஆர்கன் பார்ட் கெடைக்கல. மிச்சம் இருக்கிறத ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காங்க, கட்டுரை எழுதினவங்க ஒரு தடவ கேட்டுட்டு அடுத்த இதழ்ல ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க, கொட்சொலானி பேரோட.

இப்படிக்கு,
ஒரு சர்ச் கொயர் ஆல்டோ